வாணவேடிக்கையைக் காணும் இரவு: எங்கே நிற்பது, எவ்வாறு காப்பது



பழவேற்காட்டு ஏரிக்கரையிலும் அதை அடுத்த கடற்கரையிலும் அமைந்த கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் முதலிய மீனவர் ஊர்களிலிருந்து வரும் குடும்பங்கள் விழாக் காலம் நெருங்கும்போது எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்விகள் சில உண்டு. "அப்பாவுக்குக் கண் அறுவை முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது, வாணவேடிக்கை பார்க்க அழைத்துச் செல்லலாமா?" "இளைப்பு உள்ள பிள்ளை அடம்பிடிக்கிறான், என்ன செய்வது?" "அம்மாவுக்கு இதய நோய். வெடிச் சத்தம் தாங்குமா?"

"போகவே வேண்டாம்" என்று விடை சொல்வது எளிது. ஆயினும், ஆண்டு முழுவதும் மாத்திரைகளோடும் மருத்துவமனை வரிசையோடும் காலம் கழிக்கும் ஒருவருக்கு, ஊராரோடும் பேரப்பிள்ளைகளோடும் சேர்ந்து வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஓர் இரவு சிறிய பொருளன்று. அந்த மகிழ்ச்சியை இழக்காமல், அதற்கு விலையாகக் கண்ணையோ செவியையோ மூச்சையோ கொடுக்காமல் திரும்புவது எப்படி என்பதே இந்த இதழின் பாடம்.

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெடியைக் கொளுத்துபவர் மட்டுமே காயம் அடைகிறார் என்பது தவறான எண்ணம். கையில் எதுவும் இல்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களும், குறிப்பாகக் குழந்தைகளும், காயத்தோடு அவசர சிகிச்சைக்கு வருகின்றனர். அவர்கள் செய்த தவறு பெரும்பாலும் ஒன்றே: நின்ற இடம் தவறு. ஆகவே, காயம் நேருமா நேராதா என்பதை நாம் நிற்கும் தூரமும், நேர்ந்த காயம் எவ்வளவு கேட்டை விட்டுச்செல்லும் என்பதை அடுத்த அரை மணி நேரத்தில் நாம் செய்வதும் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

வெடிமருந்து என்பது என்ன?

வெடிமருந்துக்கும் பழவேற்காட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 17ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய வெடிமருந்து ஆலை ஒன்றும் இவ்வூரில் இயங்கியது. கிழக்கிந்தியத் தீவுகளிலும் இலங்கையிலும் இருந்த அவர்களுடைய குடியேற்றங்களுக்கு இங்கிருந்து வெடிமருந்து கப்பலேறியது.

பழைய கருமருந்தின் கூட்டு எளியது: நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரியும் கந்தகமும் எரியும் பொருள்கள். அவை எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பே கொடுத்துவிடுகிறது. எனவே, காற்றுப் புகாத குழாய்க்குள்ளும் அது எரியும். எரிந்து உண்டாகும் வாயு வெளியேற வழியின்றித் திரளும்போது உறை வெடிக்கிறது. இன்றைய வாணவேடிக்கையில் இதனோடு உலோகப் பொடிகளும் உப்புகளும் சேர்கின்றன. ஸ்ட்ரான்சியம் சிவப்பையும், சோடியம் மஞ்சளையும், செம்பு நீலத்தையும், அலுமினியமும் மெக்னீசியமும் கண்ணைப் பறிக்கும் வெண்மையையும் தருகின்றன. பச்சை நிறத்துக்காகச் சேர்க்கப்பட்டு வந்த பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது.

நோயாளிகளும் குடும்பத்தாரும் இதிலிருந்து அறிய வேண்டியவை மூன்று. முதலாவது, வெப்பம். குழந்தையின் கையில் நாம் கொடுக்கும் கம்பி மத்தாப்பின் நுனி ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பம் கொண்டது. கொதிக்கும் நீரின் வெப்பம் 100 டிகிரிதான். இரண்டாவது, வேகத்தோடு பறக்கும் துண்டுகள். காகித உறை, களிமண், கம்பி, அருகில் கிடக்கும் மணலும் கிளிஞ்சலும்கூடக் கண்ணைத் துளைக்கும் சிதறல்களாக மாறிவிடும். மூன்றாவது, புகை. கந்தக டைஆக்சைடும் நுண்துகள்களும் கலந்த அந்தப் புகை மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது.

தூரத்தை எவ்வாறு அளப்பது?

பெரிய வாணவேடிக்கை நிகழும் இடத்துக்கும் மக்கள் நிற்கும் இடத்துக்கும் இடையே குறைந்தது 100 மீட்டர் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் பொதுவாக வலியுறுத்தப்படும் அளவு. இருட்டில், கூட்டத்துக்கு நடுவே 100 மீட்டரை எவ்வாறு அறிவது? மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, காலடி. வளர்ந்த ஒருவரின் சாதாரண நடையில் ஏறத்தாழ 130 அடிகள் வைத்தால் 100 மீட்டர் ஆகும். பொழுது சாய்வதற்கு முன்பே சென்று நடந்து பார்த்து, குடும்பம் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

இரண்டு, படகு. கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளில் 12 படகுகளை நுனியோடு நுனி சேர்த்து வைத்தால் எவ்வளவு நீளமோ, அதுவே ஏறத்தாழ 100 மீட்டர்.

மூன்று, ஒளிக்கும் ஒலிக்கும் இடையே உள்ள இடைவெளி. இதைப் பழவேற்காட்டு மக்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதே இல்லை. ஏரியின் கிழக்கே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏறும்போது, நெருப்பு முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. முழக்கம் வெகுநேரம் கழித்தே செவிக்கு எட்டுகிறது. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். ஏவுதளம் பழவேற்காட்டிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளதால், அந்த முழக்கம் வந்துசேர ஒன்றரை நிமிடம் அளவுக்கு ஆகிறது. அதே கணக்கை ஊர்த் திடலுக்கும் பொருத்தலாம். 100 மீட்டருக்கு அப்பால் தரையில் வெடிக்கும் வெடியின் ஒலி, ஒளிக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி தாமதித்து வரும். அது ஒருமுறை கண்ணிமைக்கும் நேரம். மின்னலும் இடியும் ஒன்றாக வந்தால் இடி தலைக்கு மேலே என்பதுபோல, வெடியின் ஒளியும் ஒலியும் ஒன்றாக வந்தால் நாம் நெருங்கி நிற்கிறோம் என்று பொருள். உடனே பின்னுக்கு நகர வேண்டும்.

தூரம் செவியையும் காக்கிறது. 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல்லுக்கு மேல் ஒலிக்கும் பட்டாசுகளுக்கு நம் நாட்டில் தடை உண்டு. திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. 4 மீட்டரில் 125 என்றால், 8 மீட்டரில் 119. 16 மீட்டரில் 113. 32 மீட்டரில் 107. பத்து அடி பின்னால் நகர்வது முன்வரிசையில் இருப்பவருக்கே மிகுந்த பயனைத் தருகிறது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னே நிற்கும் தாய்மார்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வெடி வைத்திருக்கும் அறையும் ஆபத்தானது

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் உள்ள பரவூர் புற்றிங்கல் கோயிலில் 10.04.2016 அதிகாலையில் நேர்ந்த விபத்தைப் பலர் நினைவில் வைத்திருப்பர். வாணவேடிக்கையின் நெருப்பு, வெடிகள் சேமித்து வைத்திருந்த கட்டடத்தில் பற்றியது. கட்டடமே வெடித்துச் சிதறியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 28.10.2024 இரவு காசர்கோடு மாவட்டம் நீலேஸ்வரத்தில் ஒரு கோயில் விழாவில் மீண்டும் அதே வகையில் விபத்து நேர்ந்தது. மக்கள் கூடியிருந்த இடத்துக்கு அருகே வெடிகளை வைத்திருந்த அறையில் தீப்பொறி விழுந்ததில் 150க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

இவ்விரு நிகழ்வுகளும் கற்பிக்கும் பாடம் ஒன்றே. வெடி ஏவப்படும் இடத்திலிருந்து மட்டும் விலகி நின்றால் போதாது. மீதி வெடிகள் எங்கே வைக்கப்பட்டுள்ளன என்று கேட்டறிந்து அதிலிருந்தும் விலகி நிற்க வேண்டும். மறைவாகவும் காற்று வராமலும் இருக்கிறது என்பதற்காக அந்தச் சுவரின் ஓரத்தில் முதியவர்களை நாற்காலி போட்டு உட்கார வைப்பதைக் காண்கிறோம். அந்த இடத்தை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

நம் கரைக்கே உரிய சில எச்சரிக்கைகள்

மணல். தளர்ந்த மணலில் ஊன்றிய புட்டி ஒருபுறம் சாய்ந்தால், மேலே செல்ல வேண்டிய ராக்கெட் படுக்கைவாட்டில் கூட்டத்தை நோக்கிப் பாயும். கண்ணிழப்புக்குக் காரணமாகும் காயங்களுள் இது முக்கியமானது. புட்டி ராக்கெட் விடும் இடத்துக்கு அருகே குழந்தைகள் நிற்கலாகாது.

காற்று. புகையும் பொறியும் காற்றோடு செல்லும். கொண்டலா, வாடையா, கோடையா என்று காற்றைப் பார்த்தே கடலுக்குச் செல்லும் மக்கள், அதே அறிவை அந்த இரவிலும் பயன்படுத்தலாம். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் குடும்பம் நிற்க வேண்டும். புகை நம்மை விட்டு விலகிச் செல்லும். மாலையில் கடலிலிருந்து வீசிய காற்று இரவு முற்றும்போது நிலத்திலிருந்து வீசத் தொடங்குவதும் உண்டு. ஆதலால் நடுவில் ஒருமுறை திசையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வலையும் எரிபொருளும். நைலான் வலைக் குவியல், ஓலைக் கூரை, என்ஜினுக்கான டீசல் அல்லது மண்ணெண்ணெய்க் கேன் ஆகிய மூன்றும் ஒரே கரையில் அருகருகே இருக்கும் ஊர்கள் நம்முடையவை. வாணவேடிக்கை தொடங்குமுன் கேன்களை வீட்டுக்குள்ளோ தொலைவான இடத்துக்கோ மாற்றிவிட வேண்டும். உருகிய நைலானும் பாலியெஸ்டரும் தோலில் ஒட்டிக்கொண்டு தீப்புண்ணை ஆழமாக்கும். அன்று இரவு அனைவரும் பருத்தி உடை அணிவது நன்று.

படகு. ஏரி நடுவிலிருந்து பார்த்தால் காட்சி அழகாக இருக்கும் என்று குடும்பத்தைப் படகில் ஏற்றிச் செல்லும் எண்ணம் சிலருக்கு எழும். 25.12.2011 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்த துயரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் தொடர்பில்லை. ஆனால் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறிய படகு எவ்வளவு விரைவில் கவிழும் என்பதை அது இந்த ஊருக்குக் காட்டியது. வானில் ஏதேனும் வெடித்ததும் அனைவரும் ஒரே பக்கம் சாய்ந்து பார்ப்பர். இருட்டில் விழுந்தவரைத் தேடுவது கடினம். படகில் எரிபொருளும் இருக்கும். கரையிலிருந்து காண்பதே சிறந்தது.

வெறுங்கால். எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பி சிவப்பு மாறிய பிறகும் நெடுநேரம் சுடும். நீரிழிவு நோயால் பாதத்தின் உணர்வு குறைந்தவர்கள் அதன் மேல் காலை வைத்தாலும் வலியை அறியமாட்டார்கள். மறுநாள் கொப்புளத்தைக் கண்டு வியப்பர்; சில வாரங்களில் அது ஆறாத புண்ணாகி, விரலையே எடுக்க நேரிடலாம். நீரிழிவு உள்ளவர்கள் மூடிய காலணி அணிந்தே கரைக்கு வர வேண்டும். எரிந்த கம்பிகளைப் போட ஒரு வாளி நீர் அருகில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் விளக்கொளியில் ஒருவர் பார்த்துவிட வேண்டும்.

யார் யாருக்குத் தனிக் கவனம்?

கண் அறுவை செய்துகொண்டவர்கள்: அறுவைக்குப் பின் எத்தனை நாள் புகையையும் தூசியையும் தவிர்க்க வேண்டும் என்பதை உங்கள் கண் மருத்துவரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இசைந்தால், காப்புக் கண்ணாடி அணிந்து, காற்று வரும் பக்கத்தில், 100 மீட்டருக்கு அப்பால் அமர்ந்து காணலாம். வீட்டு வாசலிலிருந்தோ மாடியிலிருந்தோ காண்பது இன்னும் நல்லது.

இளைப்பு மற்றும் நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள்: அன்றைய தடுப்பு இன்ஹேலரைத் தவறாமல் எடுக்க வேண்டும். உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலரும் ஸ்பேசரும் வீட்டு அலமாரியில் இருப்பதால் பயனில்லை. உடன் வருபவரின் பையில் இருக்க வேண்டும். துணி முகக்கவசம் இந்தப் புகையைத் தடுக்காது. என் 95 வகைக் கவசம் துகள்களைக் குறைக்கும், வாயுக்களைத் தடுக்காது.

இதய நோயாளிகள்: திடீர் ஓசையால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரும். மாலை மாத்திரையை விழாப் பரபரப்பில் மறந்துவிடலாகாது. நடந்தால் நெஞ்சுவலி வரும் நிலையில் உள்ளவர்களும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் வீட்டிலிருந்தே காண்பது நல்லது.

வலிப்பு நோய் உள்ளவர்கள்: விட்டுவிட்டு மின்னும் ஒளி சிலருக்கு மட்டும் வலிப்பைத் தூண்டும். எல்லோருக்கும் பொதுவான காரணம் உறக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதுமே. இரவு மாத்திரையை முன்னதாக எடுத்து, நேரத்தோடு உறங்கச் செல்ல வேண்டும்.

நினைவிழப்பு நோய் உள்ள முதியவர்கள்: வெடியோசையின் காரணம் அவர்களுக்கு விளங்குவதில்லை, அஞ்சி எழுந்து ஓடக்கூடும். அவரோடு ஒருவர் வீட்டிலேயே இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பதே மருந்து. ஆண்டுதோறும் ஒரே மருமகளோ ஒரே மகளோ வீட்டில் தங்கும்படி ஆகிவிடாமல், அந்தப் பொறுப்பைக் குடும்பத்தார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

வீட்டில் ஆக்சிஜன் பெறுபவர்கள்: சிலிண்டரோ செறிவூட்டும் கருவியோ இயங்கும் அறையின் சன்னல்களை வெடிக்கும் பக்கத்தில் மூடிவைக்க வேண்டும். அந்த அறையிலோ வாசலிலோ மத்தாப்பு கொளுத்தக் கூடாது. ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் சிறு பொறியும் பெருந்தீயாகும்.

காயம் நேர்ந்தால்: முதல் அரை மணி நேரம்

கண்: வெடித்துண்டோ ராக்கெட்டோ கண்ணைத் தாக்கினால், செய்யக் கூடாதவையே முதலில் நினைவுக்கு வர வேண்டும். தேய்க்கக் கூடாது. அழுத்தக் கூடாது. கழுவக் கூடாது. குத்தி நிற்பதை எடுக்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், மூலிகைச் சாறு, கடையில் வாங்கிய சொட்டு மருந்து எதையும் விடக் கூடாது. கருவிழி கிழிந்திருந்தால், சிறு அழுத்தமும் கண்ணுக்குள் இருப்பதை வெளியே தள்ளிவிடும். ஒரு காகிதக் குவளையின் அடிப்பகுதியைக் கண்ணின் மேல் கவிழ்த்து, அதன் விளிம்பு கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் படியுமாறு வைத்து, மெல்ல ஒட்டுங்கள். தலையைச் சற்று உயர்த்தி வைத்து, உடனே புறப்படுங்கள். அறுவை தேவைப்படலாம் என்பதால் வழியில் உணவு கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

அடி எதுவும் படாமல் மருந்துப் பொடியோ சாம்பலோ மட்டும் கண்ணில் விழுந்திருந்தால், அப்போது மட்டும் தூய குடிநீரை மெல்ல ஊற்றி 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குழந்தை "ஒன்றும் இல்லை, கண் தெரிகிறது" என்று சொல்வதை நம்பிக் காலைவரை காத்திருக்கக் கூடாது. ஏசுவார்கள் என்ற அச்சத்தில் குழந்தைகள் மறைப்பதுண்டு. நல்ல கண்ணை மூடிக்கொண்டு, காயம்பட்ட கண்ணால் நம் விரல்களை எண்ணச் சொல்லிப் பாருங்கள். எண்ணிவிட்டாலும், கண் சிவந்திருந்தாலோ வலித்தாலோ அன்றிரவே காட்ட வேண்டும். கிழிந்த கண்ணைத் தாமதமின்றித் தைத்தால் கிருமி புகும் வாய்ப்புக் குறையும். கடல்தொழில் செய்பவருக்கு இது வாழ்வாதாரக் கேள்வியும் ஆகும். ஒரு கண்ணின் பார்வை போனால் தூரத்தை மதிப்பிடும் திறன் குறைகிறது. படகிலிருந்து படகுக்குக் கால் வைப்பதும், வீசிய கயிற்றைப் பிடிப்பதும் முன்போல் இருப்பதில்லை.

தீப்புண்: ஆடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். பிறகு, புண்பட்ட இடத்தைக் குழாயிலோ குடத்திலோ உள்ள குளிர்ந்த தூய நீரால் 20 நிமிடம் தொடர்ந்து நனைக்க வேண்டும். காயம் பட்டு 3 மணி நேரம் வரையிலும் இவ்வாறு குளிர்விப்பது பயன் தரும். பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, மை, மாவு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். அவை வெப்பத்தை உள்ளேயே தேக்கும், நாங்கள் புண்ணின் ஆழத்தைக் காண முடியாமல் மறைக்கும். கையெட்டும் தூரத்தில் ஏரி இருக்கிறதே என்று புண்ணை ஏரியில் அமிழ்த்தவும் வேண்டாம். உவர்நீரில் வாழும் சில கிருமிகள் திறந்த புண்ணில் கடுமையான தொற்றை உண்டாக்க வல்லவை. எரியும் ஆடையை அணைக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் ஏரிநீரைப் பயன்படுத்தலாம்.

வீக்கம் வருமுன் மோதிரம், வளையல், அரைஞாண் கயிறு ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். துவைத்த பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள். குழந்தையாயின், புண் அல்லாத பகுதியைப் போர்த்திக் குளிராமல் காக்க வேண்டும். புண்ணின் பரப்பை அறிய ஒரு வழி உண்டு: காயம்பட்டவரின் உள்ளங்கை, விரல்கள் உட்பட, அவருடைய உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு மேற்பட்ட புண்ணையும், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் உண்டான எந்தப் புண்ணையும் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும்.

செவி: காதில் இரைச்சலோ அடைப்போ மறுநாளும் தொடர்ந்தால் காது மருத்துவரைக் காண வேண்டும். காதிலிருந்து இரத்தம் வந்தாலோ, திடீரெனக் கேட்காமல் போனாலோ உடனே காண வேண்டும். எண்ணெய் விடுவதும் குச்சி நுழைப்பதும் கூடாது.

மூச்சு: இளைப்பு வந்தால், நோயாளியைப் புகையிலிருந்து விலக்கி நேராக உட்கார வையுங்கள். நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் வழியே ஒருமுறை அழுத்தி நான்கு மூச்சு. இவ்வாறு நான்கு முறை. நான்கு நிமிடம் காத்திருந்து, தணியாவிட்டால் மீண்டும் அவ்வாறே கொடுக்க வேண்டும். உங்கள் மருத்துவர் வேறு அளவு எழுதித் தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். பேச்சு முழுமையாக வராவிட்டாலோ உதடு நீலம் பாரித்தாலோ காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும்.

எங்கே செல்வது?

பழவேற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையமும் பொன்னேரி அரசு மருத்துவமனையும் அருகில் உள்ளவை. முதலுதவியும் டெட்டனஸ் தடுப்பூசியும் பெற்று, அங்கிருந்து மேல்சிகிச்சைக்குச் செல்லலாம். பெரிய தீப்புண்ணுக்குச் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், கண் காயத்துக்கு 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் சிறப்பு வசதி உண்டு. சென்னை இங்கிருந்து 50 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. வண்டி யாருடையது, இரவில் யார் ஓட்டுவார், மது அருந்தாமல் இருப்பவர் யார் என்பதை விழாவுக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நோயாளி எடுக்கும் மாத்திரைகளின் சீட்டையும் மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் ஒரே பையில் வைத்திருங்கள்.

மறுநாள் காலை

வெடிக்காமல் கிடக்கும் வெடிகளைப் பொறுக்கி, மருந்தைக் கொட்டிக் கொளுத்துவது சிறுவர்களின் வழக்கம். முகத்தை அருகில் வைத்துச் செய்வதால் இரு கண்களும் ஒருங்கே கெடுகின்றன. சிறுவர்கள் எழுவதற்கு முன்பே பெரியவர்கள் கரையைச் சுற்றி வந்து, அவற்றின் மேல் நீரை ஊற்றி, வாளி நீரில் ஊறப்போட்டு அகற்றிவிட வேண்டும். வெடிக்காத வெடியை மீண்டும் பற்றவைக்க எவரும் முயலக் கூடாது.

ஊர் கூடி எடுக்கும் முடிவு

தனிக் குடும்பம் எவ்வளவு கவனமாக இருந்தாலும், ஏற்பாடு செய்வோர் ஒத்துழைத்தால்தான் இவை நிறைவேறும். உச்ச நீதிமன்றத்தின் 23.10.2018 தீர்ப்புக்குப் பின் தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் பட்டாசு வெடிக்க நேரம் ஒதுக்கப்பட்டு வருகிறது. சரவெடிகளுக்கும் அத்தீர்ப்பு தடை விதித்தது. மருத்துவமனைகளைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாகும்.

சட்டத்தை விடவும் ஊர்க் கட்டுப்பாடு வலிமையுடையது என்பதற்குச் சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிப் பறவைகள் காப்பகத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் சான்று. அங்கே தங்கும் பறவைகள் அஞ்சிவிடும் என்பதற்காக அவர்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பூநாரைகள் வந்து தங்கும் ஏரி நம்முடையது. எவர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதைப் பாடு முறையால் தலைமுறை தலைமுறையாக வரையறுத்துக் காத்துவரும் மக்கள் நாம். திடலில் ஒரு கயிற்றைக் கட்டி, "இதற்கு அப்பால் எவரும் செல்லக் கூடாது" என்று ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்வது நமக்கு அரிதான செயலன்று. அந்தக் கயிற்றுக்குப் பின்னால் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் நாற்காலிகள் போட்ட ஓர் இடத்தையும் ஒதுக்கினால், வீட்டுக்குள் இருக்க வேண்டியவர்களில் பலர் வெளியே வந்து காண முடியும்.

குடும்பத்தோடு அமர்ந்து விடை காண வேண்டிய வினாக்கள்

1. நாம் நிற்கப்போகும் இடம் எது? அங்கிருந்து வெடி ஏவும் இடமும் வெடி வைத்திருக்கும் இடமும் 100 மீட்டருக்கு அப்பால் உள்ளனவா?

2. அன்று காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது?

3. ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பான பெரியவர் யார்?

4. இன்ஹேலர், இதய மாத்திரை, மருந்துச் சீட்டு யாருடைய பையில் உள்ளன?

5. கண்ணில் அடிபட்டால் செய்யக் கூடாதவை எவை? வீட்டில் உள்ள சிறுவரும் பார்க்காமல் சொல்வாரா?

6. தீப்புண்ணுக்கு எந்த நீர், எத்தனை நிமிடம்?

7. இரவில் மருத்துவமனைக்கு எந்த வண்டி, யார் ஓட்டுவார்?

8. வர இயலாதவரோடு இந்த ஆண்டு வீட்டில் இருப்பவர் யார்?

இந்த எட்டுக்கும் விடை கிடைத்துவிட்டால், அழைத்துச் செல்லலாமா என்று எங்களிடம் கேட்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு நாங்கள் சொல்லக்கூடிய மறுமொழி "செல்லலாம்" என்பதே. ஐயம் இருப்பின், விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாக உங்கள் மருத்துவரைக் கண்டு பேசிவிடுங்கள்.